ஆபீஸ் விழாவில் அரசியல் ஸ்கிட் போடலாமா?

ஆண்டு விழாவுக்கு மூணு வாரம் இருக்கு. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருத்தர் கேட்கிறார்: 'இந்த வருஷம் ஒரு காமெடி ஸ்கிட் போடலாமா?' உடனே வரிசையாகக் கட்டைவிரல் எமோஜி. அடுத்த அரை மணி நேரத்தில் நிபந்தனைகள் வர ஆரம்பிக்கும். அரசியல் வேண்டாம். மதம் வேண்டாம். கிளையன்ட் பேர் வேண்டாம். மேனேஜ்மென்ட் பக்கம் போகவே வேண்டாம். மிச்சம் என்ன இருக்கு? ஓர் ஆணுக்குப் புடவை கட்டிவிட்டு மாமியார் - மருமகள் சண்டை. போன வருஷமும் அதேதான்.

வேடிக்கை என்னன்னா, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் டெல்லி நாற்காலியையே மேடையில் வைத்துக் கிண்டல் செய்தவர்களும் இப்படி வேலைக்குப் போய்வந்தவர்கள்தான். பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை சபாவில் நாடகம். அவங்களால முடிஞ்சது நமக்கு ஏன் முடியலை? சட்டம் கடுமையாகிவிட்டதா? இல்லை. நாடகத்துக்கென்று இருந்த சட்டங்கள் கிட்டத்தட்ட செத்தே போய்விட்டன. இறுகியிருப்பது வேறு ஒன்று.

சம்பளம் வேற இடத்துல

'அமெச்சூர்' என்றால் அரைகுறை என்று நாம் நினைக்கிறோம். நாடக உலகில் அதன் பொருள் அது இல்லை. நாடகத்தை நம்பிப் பிழைக்காதவர் என்பதுதான் பொருள். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. பின்னாளில் வக்கீல், அப்புறம் நீதிபதி. நடுவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அந்தக் காலத்தில் நாடகக்காரர் என்றால் சமூகத்தில் மரியாதை குறைவு. கம்பெனி நாடகக்காரர்கள் ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் வசூலை நம்பி வாழ்ந்தார்கள். கோர்ட்டுக்குப் போகிற ஒருவர் மாலையில் அரிதாரம் பூசியது அந்த எண்ணத்தை அசைத்தது.

அவர் எழுதிய 'சபாபதி' அங்கத நகைச்சுவைக்கு நல்ல உதாரணம். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானன் அசடு, வேலைக்காரன் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்கிறவன். அவ்வளவுதான் கதை. ஆனால் அதை வைத்துப் பல பாகங்கள் எழுதினார். இன்றைய பாஷையில் சொன்னால் ஸ்கெட்ச் சீரிஸ். 1941இல் டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்னமும் நடித்து சினிமாவாகவும் வந்தது.

அதற்கும் முன்னாலேயே, 19ஆம் நூற்றாண்டில், காசி விஸ்வநாத முதலியார் 'டம்பாச்சாரி விலாசம்' எழுதிவிட்டார். பணத்தை வாரி இறைத்துக் கெட்டுப்போகிற ஒரு பகட்டுப் பேர்வழியின் கதை. வெட்டி பந்தா காட்டுகிறவரை 'டம்பாச்சாரி' என்று சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை.

கம்பெனி நாடகத்தில் ஒரு காட்சி ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே சிக்கல். அமெச்சூருக்கு அந்தப் பயம் கிடையாது. ஒண்ணாம் தேதி சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்துவிடும். கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் எழுதினார். சோ ராமசாமி வக்கீல், டி.டி.கே. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசகர். கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். தமிழ் மேடை நகைச்சுவையின் பெரிய பெயர்களில் பாதிப் பேர் இப்படி இன்னொரு அடையாள அட்டையும் வைத்திருந்தவர்கள்தான்.

துக்ளக் ஏன் கடித்தது?

1968இல் சோவின் 'விவேகா ஃபைன் ஆர்ட்ஸ்' மேடையேற்றியது 'முகமது பின் துக்ளக்'. நாலு வருஷம் முன்னால் கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் எழுதிய 'துக்ளக்' வேறு. அது கனமான சரித்திர நாடகம். சோவுடையது கூத்து. பதினான்காம் நூற்றாண்டு சுல்தான் துக்ளக்கும் அவர் காலத்து யாத்ரிகர் இபன் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வருகிறார்கள். தேர்தலில் நிற்கிறார்கள். துக்ளக் இந்தியாவின் பிரதமர் ஆகிவிடுகிறார்.

அப்புறம் நடப்பதுதான் ருசி. கட்சி மாறி வருகிற எம்.பி.க்களுக்குப் பதவி கொடுக்கணும். எல்லாருக்கும் துணைப் பிரதமர் பதவி. மொழிப் பிரச்சினையைத் தீர்க்கணும். இந்தியும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம், பாரசீகம்தான் ஆட்சி மொழி.

இன்று படித்தால் வெறும் கோமாளித்தனம் மாதிரி இருக்கும். ஆனால் 1968ஐ நினைத்துப் பாருங்க. 1965 மொழிப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. 1967 தேர்தலுக்குப் பிறகு பல மாநிலங்களில் எம்.எல்.ஏ.க்கள் கட்சி தாவிக்கொண்டிருந்தார்கள். ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பக் கட்சி மாறி, 'ஆயா ராம் கயா ராம்' என்ற சொல்லையே அரசியலுக்குக் கொடுத்தது அந்த வருஷம்தான். அரங்கில் உட்கார்ந்திருந்தவர் காலையில் பேப்பரில் படித்ததை மாலையில் மேடையில் இன்னும் ஒரு சுற்று பெரிதாகப் பார்த்தார்.

கடைசியில்தான் உண்மை தெரியும்: இரண்டு பேரும் போலிகள். அரசியலின் லட்சணத்தை ஜனங்களுக்குப் புரியவைக்கப் போட்ட வேஷம். ஆனால் பதவி ருசி கண்ட 'துக்ளக்' வேஷத்தைக் கலைக்க மறுக்கிறார். உண்மையைச் சொல்ல வந்த கூட்டாளிதான் ஜனங்கள் கண்ணுக்குத் துரோகி ஆகிறார். ஜனங்களையே குத்திய முடிவு இது. இந்த நாடகம் 1971இல் சோவின் இயக்கத்திலேயே சினிமாவானது. நடுவில், 1970 ஜனவரியில், அதே பெயரில் அவர் பத்திரிகையும் தொடங்கிவிட்டார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லணும். சபா நாடகங்கள் எல்லாமே இந்த ரகம் இல்லை. பெரும்பாலானவை சமையற்காரர், வேலைக்காரர், மாமியார், கல்யாணத் தரகர் என்று திருப்பி அடிக்க முடியாதவர்களைக் கிண்டல் செய்தே காலம் தள்ளின. மயிலாப்பூர், தி.நகர் சபா ரசிகர்களுக்குப் பிடிக்காத கட்சியை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கிண்டல் செய்வதற்குப் பெரிய தைரியம் ஒன்றும் வேண்டியதில்லை. கைதட்டல் முன்கூட்டியே நிச்சயம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சிரித்துவிட்டு, 'அடடா, இது நம்மளைத்தானே சொல்றாங்க' என்று நெளிகிற இடத்தில்தான் அங்கதம் வேலை செய்கிறது. அந்த நெளிவு சபா மேடையில் அபூர்வமாகத்தான் நடந்தது.

மாமியார் ஜோக்குக்கு ஒரு நல்ல பதில் 1989இல் வந்தது. பாம்பே ஞானம் தொடங்கிய மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவில் ஆண் வேடத்தையும் பெண்களே போட்டார்கள். நூறு வருஷமாக ஆண்கள் புடவை கட்டிய மேடையில் பெண்கள் வேட்டி கட்டினார்கள்.

பள்ளத்துக்குத் திறப்பு விழா

பத்து நிமிஷ அங்கதக் காட்சி எப்படி எழுதப்படுகிறது? நிறையப் பேர் ஜோக்குகளைச் சேகரித்து வரிசையாக அடுக்குகிறார்கள். அது நிற்காது. துக்ளக்கையும் சபாபதியையும் கவனித்தால் சூத்திரம் ஒன்றுதான்: ஒரே ஒரு தப்பான விதியை ஒப்புக்கொள், அப்புறம் அதை ஒழுங்காக, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கடைசி வரை கடைப்பிடி.

சும்மா ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் ரோடு கிடையாது, பள்ளம்தான் இருக்கிறது. ரோட்டுக்கு நிதி வரலை, ஆனா திறப்பு விழாவுக்கு நிதி வந்துடுச்சு. என்ன செய்ய? பள்ளத்தைத் திறந்துவைக்கலாம். இதுதான் விதி. ரிப்பன் கட்டுகிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர் ஓடிவருகிறார்: 'எங்க பள்ளம் இதைவிட ஆழம் சார், நீங்க எப்படி இதை முதல்ல திறக்கலாம்?' எதிர்க்கட்சிக்காரர், 'இந்தப் பள்ளத்தைத் தோண்டியதே எங்க ஆட்சியில்தான்' என்று மைக்கைப் பிடிக்கிறார். கடைசியில் ஒரு பெரியவர் வழுக்கி உள்ளே விழ, அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவருக்கு அபராதம்.

இதில் யார் பெயரும் இல்லை, கட்சிக் கொடியும் இல்லை. ஆனால் அரங்கில் இருக்கிற எல்லாருக்கும் அவங்கவங்க தெருப் பள்ளம் நினைவுக்கு வரும். நடிக்கிறவர்கள் யாரும் சிரிக்கக் கூடாது. அந்த உலகத்தில் பள்ளம் திறப்பது ரொம்ப முக்கியமான விஷயம். அமெச்சூர் நடிகர்கள் அதிகமாகக் கோட்டைவிடுகிற இடம் இதுதான்: தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவார்கள். அடுத்து, ஆடியன்ஸ் சிரித்து முடிக்கும் முன் அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுவது. ஒத்திகையில் சிரிப்பதற்கு ஆள் இருக்காது. அதனால் எங்கே நிறுத்தணும் என்று மேடை ஏறினால்தான் தெரியும். முதல் ஷோவுக்குப் பிறகு நாடகத்தைத் திருத்தி எழுதுவதற்குக் காரணம் இதுதான். ஆபீஸ் ஸ்கிட்டுக்கு அந்த இரண்டாவது ஷோ கிடைக்காது. அதனால் நாலு பேரைக் கூப்பிட்டு கேன்டீனில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

பன்றியும் ஆடும் கொண்டுவந்த சட்டம்

இப்ப சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் நாடகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்ததே ஒரு சின்ன அங்கத நாடகத்தால்தான்.

1875-76இல் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்திருந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பெண்களைக் கொண்டு அந்தப்புரத்திலேயே வரவேற்பு கொடுத்தார். ஊரே கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் என்ற நாடகக் குழு உடனே 'கஜதானந்தனும் இளவரசரும்' என்று ஒரு நாடகம் போட்டது. போலீஸ் தடுத்தது. சும்மா இருந்தார்களா? போலீஸையே கிண்டல் செய்து அடுத்த நாடகம் போட்டார்கள். அப்போதைய கமிஷனர் பெயர் ஹாக், சூப்பரின்டெண்டென்ட் பெயர் லேம்ப். இங்கிலீஷில் ஒன்று பன்றி, இன்னொன்று ஆட்டுக்குட்டி. நாடகத்தின் பெயர் 'போலீஸ் ஆஃப் பிக் அண்ட் ஷீப்'.

1876 பிப்ரவரி 29 அன்று வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் போட்டார். அந்த வருஷ முடிவுக்குள் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாகவே ஆகிவிட்டது. அரசுக்கு எதிரானது, ஒருவரை இழிவுபடுத்துவது என்று அதிகாரிகளுக்குத் தோன்றினால் நாடகத்தைத் தடுக்கலாம்.

சுதந்திரம் வந்த பிறகும் சட்டம் போகவில்லை. 1953இல் லக்னோவில் இப்டா கலைஞர்கள் பிரேம்சந்த் கதையான 'ஈத்கா'வை நாடகமாகப் போட்டதற்கு அந்தச் சட்டத்தில் வழக்கு. 1956இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இது அரசியல் சாசனம் தரும் பேச்சுரிமைக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1954இல், சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்திருந்தது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். நாடகம் போடுகிறவர்கள் வசனப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்குகிற வழக்கம் அதன் பிறகு பல பத்தாண்டுகள் நீடித்தது. யோசித்துப் பாருங்க: பள்ளம் திறப்பு விழா காட்சி சரியா தப்பா என்று முதலில் படித்து முடிவெடுப்பவர் ஒரு போலீஸ் அதிகாரி.

'பரீக்‌ஷா' நாடகக் குழுவை நடத்திவந்த எழுத்தாளர் ஞாநி இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1876 சட்டத்தையும் நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. 2018 ஜனவரியில் அது சட்டப் புத்தகத்திலிருந்து போனது. ஞாநி மறைந்ததும் அதே மாதத்தில்தான்.

அப்புறம் என்ன பயம்?

பயம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எச்.ஆர். டிபார்ட்மென்ட்டுக்கு இடம் மாறிவிட்டது. கூடவே பாக்கெட்டுக்குள் ஒரு கேமராவும் வந்துவிட்டது.

2024 குடியரசு தினத்தன்று கேரள உயர் நீதிமன்ற ஊழியர்கள் ஒரு குறுநாடகம் போட்டார்கள். பிரதமரையும் மத்திய அரசின் திட்டங்களையும் கேலி செய்ததாகப் புகார் போனது. மறுநாளே இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். போட்டவர்கள் நாடகக்காரர்கள் இல்லை. நம்மைப் போல ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறுகிற ஊழியர்கள்.

அதற்கு முன், 2020 ஜனவரியில், கர்நாடகத்தின் பீதரில் ஒரு பள்ளியில் நாலாம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை வைத்து ஒரு நாடகம் போட்டார்கள். ஒருவர் அதை ஃபேஸ்புக்கில் ஏற்றினார். தேசத் துரோக வழக்கு பாய்ந்தது. தலைமை ஆசிரியையும், நாடகத்தில் வசனம் பேசிய ஒரு சிறுமியின் அம்மாவும் கைதானார்கள். போலீஸ் திரும்பத் திரும்ப வந்து குழந்தைகளை விசாரித்தது. 2023 ஜூனில்தான் கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. நாடகம் பள்ளிக்குள் நடந்தது, வன்முறையைத் தூண்டும் வார்த்தை எதுவும் இல்லை, ஃபேஸ்புக்கில் ஏற்றிய பிறகே வெளியே தெரிந்தது என்று நீதிமன்றம் சொன்னது. ஜெயித்ததென்னவோ உண்மை. ஆனால் அதற்கு மூன்று வருஷத்துக்கும் மேல் ஆனது.

அங்கதம் முழுசாகப் பார்த்தால்தான் அர்த்தமாகும். பிரதமராக வருகிற போலி துக்ளக் பேசுவதை முப்பது செகண்ட் வெட்டி எடுத்தால், சோவே அதைச் சொன்ன மாதிரி இருக்கும். சபாவில் அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் முதல் காட்சியிலிருந்து கூடவே இருந்தார்கள்; யார் யாரைக் கிண்டல் செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். ரீல்ஸில் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவர் கோபப்படுவதற்கும் உங்க கம்பெனியை டேக் செய்வதற்கும் அந்த முப்பது செகண்ட் போதும்.

எந்தச் சம்பளம் அன்றைய அமெச்சூர்களுக்குச் சுதந்திரம் கொடுத்ததோ, அதே சம்பளம்தான் இன்று கயிறாக மாறியிருக்கிறது. அன்று நாடகம் தோற்றாலும் வேலை இருந்தது. இன்று ஸ்கிட் ஜெயித்து வைரலானால் வேலைக்கே ஆபத்து. தனியார் ஊழியராக இருந்தால் உங்க நியமன ஆணையோடு வந்த சமூக ஊடக விதிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்க. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. எப்போதாவது இலக்கிய, கலைப் பணி செய்ய அவை இடம் தருகின்றன. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்க இடம் தருவதில்லை. நாடகம் எழுதலாம், ஆனால் துக்ளக் எழுதினால் கேள்வி வரலாம்.

சரி, என்னதான் செய்யலாம்?

அரங்குக்குள் நடக்கும் ஸ்கிட்டுக்கு முன்தணிக்கை கிடையாது. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் அனுமதி வேணும். அது எந்த நிகழ்ச்சிக்கும் வேணும். எழுதும்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் மூன்று பிரிவுகளை மனதில் வையுங்க. 299, வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது. 196, பிரிவினரிடையே பகை வளர்ப்பது. 356, அவதூறு. கடைசியில் ஒரு விலக்கு உண்டு: அரசுப் பணியில் இருப்பவரின் பணி சார்ந்த நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. மந்திரி போட்ட ரோட்டைக் கிண்டல் செய்வதும், மந்திரியின் குடும்பத்தைக் கிண்டல் செய்வதும் ஒன்று இல்லை.

ஸ்கிட்டை போன் கேமராவிலிருந்து காப்பாற்ற ஒரே வழி, ஆரம்பத்திலேயே 'ரெக்கார்டிங் வேண்டாம்' என்று அறிவிப்பதுதான். நூறு பேரில் ரெண்டு பேர் கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. அதனால் எந்த இடத்தில் வெட்டினாலும் தனியாக நிற்கிற, தப்பான அர்த்தம் தருகிற வசனம் எது என்று ஒத்திகையிலேயே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்க. பள்ளம் திறப்பு விழா மாதிரிக் காட்சிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எங்கே வெட்டினாலும் அங்கே பள்ளம் மட்டும்தான் தெரியும்.

சொந்தமாக எழுத வரலைன்னா, ஏற்கெனவே உள்ள நாடகத்தையே எடுத்துக்கலாம். காப்புரிமைச் சட்டம் 52(1)(எல்) பிரிவின்படி, அமெச்சூர் குழுவோ சங்கமோ கட்டணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு நடித்துக் காட்டினால் அது காப்புரிமை மீறல் இல்லை. டிக்கெட் போட்டால் அனுமதி வாங்கணும். யூடியூப்பில் ஏற்றினாலும் வாங்கணும், ஏன்னா அந்த விலக்கு நடிப்பதற்கு மட்டும்தான். எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 வருஷம் உரிமை நீடிக்கும். சோ மறைந்தது 2016இல், அதனால் துக்ளக் 2076 முடியும்வரை உரிமைக்குள். கிரேஸி மோகன் நாடகங்கள் 2079 முடியும்வரை.

பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964இல். 2024 டிசம்பரோடு கணக்கு முடிந்துவிட்டது. 'சபாபதி'யை இனி யாரும் எடுத்துப் போடலாம், மாற்றி எழுதலாம், டிக்கெட்கூடப் போடலாம். எஜமானனையும் வேலைக்காரனையும் டீம் லீடாகவும் புதுசாகச் சேர்ந்த டிரெய்னியாகவும் மாற்றினால் அப்படியே பொருந்தும். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதை மட்டும் விட்டுடாதீங்க. அந்தப் பெயர் உங்க டீம் லீட் பெயராக இருக்கணுமா என்பதை அப்ரைசல் எந்த மாதம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க.